அம்மா குலுக்கிய மூன்று புத்தகங்கள்

மேசையில் மூன்று புத்தகங்கள் கிடக்கின்றன. மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஒன்றைப் படிக்க மட்டுந்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது. எது உங்களுக்கு விளங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அட்டையைப் பார்ப்பீர்களா, இணையத்தில் நட்சத்திரம் எண்ணுவீர்களா, இல்லை என்னைப் போல வீட்டிலிருக்கும் மூன்று பேரின் உயிரை எடுப்பீர்களா?

நான் உயிரை எடுத்தேன். வெட்கமே இல்லாமல் எடுத்தேன்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், உளவியல். ஆய்வேடு எழுதுபவர்களின் குழுவில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. இந்த இடம் இருந்தால்தான் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் டிகிரியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். என் ஆய்வு யோசனை நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். மருந்துக்கடையில் மாத்திரையோடு ஒரு தாள் தருவார்களே, காலை ஒன்று, இரவு ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம் என்று. அதைத் தமிழில் எழுத்தாகக் கொடுத்தால் வயதானவர்கள் கூடுதலாக ஞாபகம் வைத்திருப்பார்களா, படமாகக் கொடுத்தால் வைத்திருப்பார்களா? இவ்வளவுதான் கேள்வி.

திட்டத்தை ரயிலில் இருந்தே தட்டி எழுதினேன். சனிக்கிழமை கோயிலில் நாற்பது பேருக்குப் படத் தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய தேவாலயத்தில் நாற்பது பேருக்கு எழுத்துத் தாள். சைவக்காரரும் ஆயிற்று, வேதக்காரரும் ஆயிற்று, ஒருவரையும் விடவில்லை, இதைவிட நியாயம் என்ன வேண்டும் என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். நம் வீடுகளில் எதைச் செய்தாலும் முதலில் யோசிப்பது இதைத்தானே, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டாயிற்றா என்று.

புரொஃபஸர் திட்டத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோயிலுக்கு வந்தவர்கள் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தால், அது படத்தாலா, கோயிலாலா?"

திட்டத்தை என் பக்கம் இழுத்துத் திரும்பப் படித்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள், காலை ஒன்பது மணி. அதற்குள் சோதனை வடிவமைப்பு பற்றி ஓர் அறிமுகப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, திட்டத்தைத் திரும்ப எழுதிக்கொண்டு வா என்றார். வராவிட்டால் இடம் வேறு ஒருவருக்கு. எந்தப் புத்தகம் என்று கேட்டேன். "உனக்கு விளங்குகிற புத்தகம்" என்றார். பிறகு கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

உனக்கு விளங்குகிற புத்தகமாம். கடுப்பு ஏறிவிட்டது. நேரே லைப்ரரிக்குப் போய், இருப்பதிலேயே தடித்ததை இழுத்து எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ரயிலில் பக்கத்தில் இருக்கிறவர் பார்த்து, இந்தப் பிள்ளை பெரிய ஆள் என்று நினைக்க வேண்டும் என்பது தவிர வேறு ஒரு காரணமும் இல்லை. நாங்கள் கனடாவில், டொரொன்டோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறோம், புதிதாகக் கட்டிய வீட்டுத் தொகுதி, கம்பஸுக்குப் போக ரயிலில் ஒரு மணித்தியாலம். முதல் நாள் பிக்கரிங்கில் முதல் பக்கம். டொரொன்டோ யூனியன் நிலையத்தில் இறங்கும்போது மூன்றாம் பக்கம். அதுவும் இரண்டாம் பக்கத்தை நான் வெறும் கண்ணால்தான் கடந்தேன். சமன்பாடுகள் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அந்தப் புத்தகத்தைச் சுமந்தேன். தோள்தான் படித்தது.

வெள்ளிக்கிழமை போய் இன்னும் இரண்டு எடுத்தேன். ஒன்று பளபளப்பு, பக்கத்துக்குப் பக்கம் கலர் பெட்டி, சிரிக்கிற மாணவர்களின் படம். மற்றது மெலிந்த மண்ணிறப் புத்தகம். அட்டையில் யாரோ கோப்பிக் கோப்பை வைத்த வட்டம். பத்து நாள் மிச்சம். திட்டமும் எழுத வேண்டும், வேறு பாடமும் இருக்கிறது. மூன்றையும் படிக்கவே முடியாது. ஒன்றுதான். பிழையான ஒன்றை எடுத்தால் கதை முடிந்தது.

மிசிசாகாவில் இருக்கும் என் சிநேகிதிக்கு போன் போட்டேன். இவளுடைய தேவாலயத்தில்தான் நான் எழுத்துத் தாள் கொடுக்க இருந்தேன்.

"மூண்டையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சுப் பாத்தன். எல்லாம் விளங்கிற மாதிரித்தான் இருக்கு" என்றேன்.

"அடியே, உன்ர வாய் இருக்கே, அது விளங்காததையும் விளங்கின மாதிரிச் சொல்லும்" என்றாள். "உன்னை நீயே கேட்டா பாஸ் எண்டுதான் வரும். வேற ஆருக்காவது வாசிக்கக் குடுத்துப் பார். உங்கட வீட்டில மூண்டு சனம் சும்மாதானே இருக்கு."

சும்மா இருக்கிற சனம் இவர்கள்: அப்பா, காலை நாலு மணிக்கு எழும்பி, விட்பியிலிருந்து நகரத்தின் மறு கரைக்கு, மிசிசாகா விமான நிலையச் சரக்குக் கூடத்துக்குக் கார் ஓட்டிப் போய் வருபவர். அம்மா, ஸ்கார்பரோவில் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவர். அக்கா, ஒஷாவாவில் இன்ஷூரன்ஸ் கந்தோரில் வேலை. வீட்டில் வேலை என் காலை வாருவது. மூன்று பேருக்கும் ஆங்கிலம் வாசிக்க வரும். சோதனை வடிவமைப்பு என்றால் என்னவென்று மூன்று பேருக்கும் தெரியாது. இதைவிட நல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், பத்து நிமிடம், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அக்கா படித்தவள், அவளுக்குத் தடித்தது. அம்மாவுக்குக் கலர் பிடிக்கும், பளபளப்பு. அப்பா களைத்த மனுஷன், மெலிந்தது.

அப்பா பக்கத்தின் இரண்டாம் பந்தியை வாசிக்கும்போதே நித்திரையாகிவிட்டார். அம்மா கலர்ப் பெட்டிகளைப் பற்றி நிறையச் சொன்னார், பெட்டிக்குள் இருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தடித்த புத்தகத்தை அட்சரம் பிசகாமல் ஒப்புவித்தாள்.

"சரி, முடிஞ்சுது. தடிச்சதுதான் நல்ல புத்தகம்" என்று அறிவித்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எடியே, நான் ரைஸ் குக்கர் மனுவல் தந்தாலும் உப்பிடித்தான் சொல்லுவன். அப்ப ரைஸ் குக்கர் மனுவலைக் கொண்டுபோய் புரொஃபஸருக்குக் குடன்."

"அப்பா நித்திரையாப் போனாரே."

"அப்பா கலியாண வீட்டில தாலி கட்டேக்கையும் நித்திரைதான். அது புத்தகத்தின்ர பிழையோ?"

அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்குப் படம், தேவாலயத்துக்கு எழுத்து. அக்காவுக்குத் தடித்தது, அப்பாவுக்கு மெலிந்தது. எந்தப் பிழைக்காக என்னை வெளியே அனுப்பப் பார்த்தார்களோ, அதே பிழையை ஐந்து நாள் கழித்து என் சொந்தச் சாப்பாட்டு மேசையில், கறிச் சட்டி இன்னும் சூடாக இருக்கும்போது, திரும்பவும் செய்திருக்கிறேன். புத்தகத்தைச் சோதிக்கவில்லை. ஆட்களைச் சோதித்திருக்கிறேன்.

சரி, மூளையைப் பாவித்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று பின்னேரம். ஒவ்வொரு நாளும் வேறு ஒரு விஷயம், மூன்று புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு பக்கம். யாருக்கு எது என்று நான் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல்.

குலுக்கல் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அதை என்னட்டை விடு பிள்ளை. பூக்கட்டிப் பாப்பம்."

எங்கள் வீட்டில் பெரிய முடிவெல்லாம் இப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, சாமி படத்துக்கு முன் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. வெள்ளை வந்தால் ஓம், சிவப்பு வந்தால் இல்லை. இந்த வீட்டை வாங்கியதே வெள்ளைக் கார்னேஷன் வந்தபடியால்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதானே நம் பாடம் சொல்கிற எழுமாற்றுத் தெரிவு, ஆளின் விருப்பம் கலக்காத தெரிவு! நம்முடைய ஆட்கள் காலங்காலமாகச் சாமி அறையில் செய்துகொண்டிருக்கிறார்கள், நான் லைப்ரரியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு தடித்தது, மஞ்சள் பளபளப்பு, வெள்ளை மெலிந்தது. அம்மா கேக் சுடுகிற தாளில் இதழ்களை மடித்து, மூன்று பொட்டலத்தையும் தட்டில் வைத்து, விளக்கேற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டு, தட்டைச் சுற்றி, "இஞ்சேருங்கோ, நீங்கள் முதல் எடுங்கோ" என்று அப்பாவிடம் நீட்டினார். ஞாயிறு அப்பாவுக்கு வெள்ளை. திங்களும் வெள்ளை. செவ்வாயும் வெள்ளை.

நான் கவனிக்கவில்லை. நான் அவரவர் சொன்னதற்கு ஐந்துக்குப் புள்ளி போட்டு, அட்டவணை கீறி, கலர் வேறு அடித்துக்கொண்டிருந்தேன். தேநீரோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற அக்காதான் கேட்டாள்.

"அப்பாவுக்கு மூண்டு நாளும் மெல்லிசுப் புத்தகமா? லொட்டோவில ஒருநாளும் பத்து டொலர் விழாத மனுசனுக்கா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா மேசை துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"அம்மா?"

"என்ன அம்மா? வெள்ளைப் பொட்டலத்தில அடையாளத்துக்கு ஒரு மூலையை மடிச்சு விட்டனான். தட்டைத் திருப்பேக்கை அந்தப் பக்கம் அவருக்கு நேர வரும். அவ்வளவுதான்."

"சாமிக்கு முன்னாலயா?"

"சாமி ஒண்டும் சொல்லேல்லைதானே!" அம்மா துணியை உதறினார். "மனுசன் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி ஓடுறார். வந்து இருக்கிற மனுசனுக்கு அந்தச் செங்கல்லைத் தூக்கிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. உனக்குப் புத்தகந்தானே முக்கியம், ஆர் எதை வாசிச்சா என்ன?"

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். என்ர இடம் போகப் போகுது, ஆறு நாள்தான் இருக்கு, நீங்கள் இரக்கம் பாத்து என்ர மூண்டு நாளைக் குப்பையில போட்டிட்டியள் என்று. அம்மாவின் கண் கலங்கியது. அக்கா கோப்பையை மெதுவாக வைத்தாள். அப்பாதான் கையை நீட்டித் தடித்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு அந்தச் செங்கல்லைத்தான் ஒருக்காப் பாக்க ஆசையா இருந்தது" என்றார். "நான் கேக்கேல்லை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவளை முறைத்தார். எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு உருப்படியான காரியம் செய்தேன். அம்மா செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அச்சிலேயே காட்டவேண்டும் என்று, மூன்று புத்தகத்திலும் அம்மாவைத் தேடினேன். பங்கிட்டுக் கொடுக்கிற ஆள் ஒளித்துப் பார்த்து, இரக்கப்பட்டு, மாற்றிக் கொடுத்தால் என்ன செய்வது? யாராவது இதை எழுதியிருக்கத்தான் வேண்டும்.

தடித்த புத்தகம் அதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளி, நான்கு குறியீடுகள் போட்டுவிட்டுப் போய்விட்டது. பளபளப்பில் நாணயம் சுண்டுகிற படம் ஒன்று, பெட்டிக்குள் "குலுக்கிக் கொடுங்கள்" என்ற ஒரு வரி. குலுக்குகிறவர் அம்மாவாக இருந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. மெலிந்த புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது. கோபத்தோடு உரத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்கு இரண்டு விதத் தீவனம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். தீவனம் வைக்கிற பெண்ணுக்கு எது நல்ல தீவனம் என்று தெரியும். மெலிந்து நடுங்குகிற கன்றைப் பார்த்தால் அவளுக்கு மனம் கேட்காது, நல்லதை அதற்கு வைத்துவிடுவாள். கடைசியில் கணக்குப் பார்த்தால் நல்ல தீவனம் தின்ற கன்றெல்லாம் மெலிந்ததாகவே இருக்கும், தீவனமே கூடாது என்று எழுதிவிடுவார்கள்.

"அவ செய்ததில என்ன பிழை?" என்றார் அம்மா உடனே. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தக் கண்டுகள் பிழைச்சுதுகளோ?"

"அது எழுதேல்லை அம்மா."

"அப்ப வைக்கிற ஆளுக்கு எதெண்டு தெரியாம எப்பிடி வைக்கிறது?" இது அப்பா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தைத் திருப்பினேன். அப்பா கேட்ட அதே கேள்விதான் அடுத்த பக்கத்தின் தலைப்பு. வேறு ஒருவர் சாக்கில் கட்டி, இலக்கம் மட்டும் போட்டு, பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். வைக்கிறவர் இலக்கத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அதோடு ஒரு வரி: அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், ஏற்பாட்டை மாற்றுங்கள் என்கிற மாதிரி. அந்த வரியைத் தமிழில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுசர் போல கிடக்கு எழுதினவர்" என்றார்.

நான்கு பேரும் இன்னும் மூன்று பக்கம் போனோம். ஒருவரும் நித்திரையாகவில்லை. அக்கா தேநீரை ஆறவிட்டாள். ஒரு கேள்வி மேசையில் எழும்பும், பக்கத்தைத் திருப்பினால் பதில் நிற்கும். எது விளங்குகிற புத்தகம் என்று எனக்கு அன்று தெரிந்துவிட்டது. என் சோதனை அதை நிரூபித்தது என்று சொல்லமாட்டேன். மூன்று பேர், மூன்று நாள், நடுவில் அம்மா. அதைச் சோதனை என்று சொன்னால் புரொஃபஸர் கதவைக் காட்டுவார். ஆனால் எனக்கு அந்த நிமிடம் இருந்த கேள்வியை மூன்று புத்தகத்திடமும் கேட்டேன், ஒன்றுதான் என்னை மதித்துப் பதில் சொன்னது.

புதனிலிருந்து சனி வரை ரயிலில் மெலிந்ததைப் படித்தேன். யூனியனில் இறங்க மறந்த நாளும் உண்டு. கடைசித் தரிப்பிடம் என்பதால் தப்பினேன், ரயில் கார்ட் வந்து, நித்திரையில் இருப்பவரை எழுப்புவது போலத் தோளில் தட்டிச் சொன்னார். ஞாயிறு முழுக்க இருந்து திட்டத்தைத் திரும்ப எழுதினேன். இரண்டு இடத்திலும் இரண்டு விதத் தாளும். எல்லாம் அக்கா கையால் ஒரே அளவு உறையில் போட்டு, ஒட்டி, வெளியே இலக்கம் மட்டும். எந்த இலக்கத்தில் எது என்ற பட்டியல் அக்காவின் கந்தோர் மேசை லாச்சிக்குள் பூட்டி, ஒஷாவாவில். எனக்கும் தெரியாது, கொடுக்கிற ஆளுக்கும் தெரியாது.

"கோயிலில ஆர் குடுக்கிறது?" என்று கேட்டார் அம்மா. "நான் குடுக்கிறனே. எனக்கு எல்லாரையும் தெரியும்."

"குடுக்கலாம். ஆனா உள்ள என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது."

"ஏன், என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இல்லை."

அம்மா சிரித்துவிட்டார். முதுகில் ஒன்று போட்டுவிட்டும் போனார்.

திங்கள் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கதவுக்கு வெளியே நின்றேன். புரொஃபஸர் பென்சிலோடு படித்துக்கொண்டு வந்தார், ஓர் இடத்தில் பென்சில் நின்றது. ஒட்டிய உறைகள் பற்றிய பந்தி. "இளங்கலை மாணவர்கள் வழக்கமாக இதை யோசிப்பதில்லை. ஏன் எழுதினாய்?" என்று கேட்டார். தயாராக வைத்திருந்த பெரிய விளக்கத்தை விட்டுவிட்டேன். அம்மா அப்பாவுக்காகப் பொட்டலத்தின் மூலையை மடித்த கதையைத்தான் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். என் இடம் என்னிடமே இருந்தது.

அதற்குப் பிறகு ஆட்களைச் சோதிக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழு, படிவம், திருத்தம், திரும்பப் படிவம் என்று மாதங்கள் போயின. அதை எழுதினால் நீங்கள் அப்பாவைப் போல நித்திரையாகிவிடுவீர்கள். ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், வீட்டில் வாயால் சொல்ல எனக்கு வராது. சரக்குக் கூடத்தில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, எனக்காகத் தீவனத்தையும் கன்றையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு நன்றி. தேநீர் ஆற ஆற என் அட்டவணையில் பிழை பிடித்தவளுக்கு நன்றி; பிடிக்காமல் விட்டிருந்தால் நான் கலர் அடித்த பொய்யோடு போய் நின்றிருப்பேன். வாயைப் பற்றி உண்மை சொன்ன சிநேகிதிக்கு நன்றி. உனக்கு விளங்குகிற புத்தகம் என்று சொல்லி, அதில் அவமானம் இல்லை என்று காட்டிய புரொஃபஸருக்கு, அன்று மனதுக்குள் திட்டியதற்கும் சேர்த்து, நன்றி. அம்மாவுக்கு என்ன சொல்வது? நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டார். அவர் மூலையை மடிக்காமல் இருந்திருந்தால், எனக்கு மூன்று நாள் ஒழுங்கான புள்ளிகள் கிடைத்திருக்கும், எந்தக் கேள்வியும் கிடைத்திருக்காது.

இதைக் கோயில் மண்டபத்தில், ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் இருந்து போனில் தட்டுகிறேன். அம்மா பக்கத்தில் உறைகளை இலக்க வரிசையில் அடுக்குகிறார். முதல் ஆள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.